வீட்டு ஷெட்டுக்குக் கார் லிஃப்ட்: வாங்குவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

(இயந்திரவியல் துறை, மூன்றாம் ஆண்டு)



டிப்ளமோ முடித்த பிறகு நம்மில் சிலர் கம்பெனிக்குப் போவோம், சிலர் மேலே படிப்போம். ஆட்டோமொபைல் பக்கம் ஆசை உள்ள சிலர் சொந்தமாக ஒரு ஷெட் போடுவோம். நம் ஊர்களில் கார் பட்டறை என்றால் பாதி இடங்களில் வீட்டை ஒட்டி ஷீட் போட்ட ஒரு இடம்தான். அந்த மாதிரி இடத்துக்குக் கார் தூக்கும் லிஃப்ட் ஒன்று வாங்க வேண்டுமானால் எதைப் பார்த்து வாங்குவது? நாம் வகுப்பில் படித்த பாடங்களே இதற்குப் போதும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இது எனக்கு வெறும் பாடமல்ல. என் சித்தப்பா கார் மெக்கானிக். பதின்மூன்று வயதில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் பையனாகப் போய்த் தொழில் கற்றவர். இன்றைக்கும் சாக்கை விரித்து மல்லாந்து படுத்துத்தான் வேலை பார்க்கிறார். போன வருஷம் அவர் டீ குடிக்க வெளியே வந்த நேரத்தில் ஜாக்கி நழுவி, கார் தரையில் இறங்கிவிட்டது. நல்ல வேளை என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் சித்தி அன்றைக்கே சீட்டுப் பணத்தை எடுக்கச் சொல்லிவிட்டார். சித்தப்பா என்னைக் கூப்பிட்டு, "நம்ம வீட்டுல காலேஜ் படிக்கட்டு ஏறினது நீ ஒருத்தன்தான். எதை வாங்கலாம்னு நீயே பாத்துச் சொல்லு" என்றார். அந்தப் பணம் ஆறு வருஷச் சேமிப்பு. அந்த லிஃப்டுக்கு அடியில் நிற்கப் போவது அவர் தலை. செமஸ்டர் பரீட்சைகூட எனக்கு அவ்வளவு பயம் கொடுத்ததில்லை.

ஜாக்கியும் குழியும் ஏன் போதாது?

ஜாக்கி காரைத் தூக்குவதற்கான கருவி. தாங்கிப் பிடிப்பதற்கான கருவி அல்ல. உள்ளே இருக்கும் ரப்பர் சீல் தேய்ந்தால் எண்ணெய் மெல்லக் கசியும், கார் மெல்ல இறங்கும். அதனால்தான் தூக்கிய பிறகு ஸ்டாண்டு வைக்க வேண்டும் என்கிறோம். நம் ஊரில் ஸ்டாண்டுக்குப் பதில் செங்கல்லும் கட்டையும்தான் வைக்கிறார்கள். செங்கல் திடீரென்று நொறுங்கும், முன்கூட்டி ஒரு எச்சரிக்கையும் தராது.

அடுத்தது குழி. செலவு குறைவு, கரண்ட் வேண்டாம். ஆனால் எங்கள் ஊர் விழுப்புரம் பக்கம். ஐப்பசி, கார்த்திகை மழையில் குழி கிணறு மாதிரி ஆகிவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. எல்.பி.ஜி. வாயுவும் அப்படித்தான். கசிந்தால் இரண்டும் குழிக்குள் போய்த் தேங்கும். அங்கே ஒயர் போட்ட கைவிளக்கு ஒன்று உடைந்தால் போதும், தீப்பற்றிவிடும். குழியில் இருப்பவர் ஏறி வரப் படி ஒரு பக்கம்தான் இருக்கும். சக்கரம், பிரேக் வேலைக்கும் குழி உதவாது. காரணம், கார் தன் சக்கரத்தின் மேலேயே நிற்கிறது.

லிஃப்ட் எப்படித் தூக்குகிறது?

அடைத்து வைத்த திரவத்தின் மேல் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று சொன்னவர் பாஸ்கல் (1623–1662). அதை வைத்து 1795இல் இங்கிலாந்தில் ஜோசப் பிராமா ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். இதே தத்துவத்தைக் காருக்குக் கொண்டுவந்தவர் ஒரு இன்ஜினியர் அல்ல என்பதுதான் எனக்குப் பிடித்த செய்தி. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கார் மெக்கானிக்காக இருந்த பீட்டர் லுனாட்டி என்பவர், சலூனில் முடி வெட்டும் நாற்காலி ஏறி இறங்குவதைப் பார்த்துக் கார் லிஃப்ட் செய்தார். 1925இல் அதற்காக அவர் தொடங்கிய ரோட்டரி லிஃப்ட் கம்பெனி இன்றும் இருக்கிறது. தினமும் கண்ணில் படும் பொருளைக் கவனித்துப் பார்ப்பவனுக்குப் பட்டம் இரண்டாவதுதான்.

இப்போது ஒரு கணக்கு. 4 டன் லிஃப்டில் இரண்டு தூண். ஒரு தூணுக்கு 2 டன். பல லிஃப்டுகளில் சிலிண்டர் 0.9 மீட்டர் நகர்ந்தால் சங்கிலியும் கப்பியும் சேர்ந்து காரை 1.8 மீட்டர் தூக்கும். தூரம் இரட்டிப்பானால் விசையும் இரட்டிப்பாக வேண்டும் அல்லவா? எனவே ஒரு சிலிண்டர் 4 டன் தள்ள வேண்டும். சிலிண்டர் விட்டம் 60 மி.மீ. என்றால் பரப்பு 28.27 சதுர செ.மீ. 4000ஐ 28.27ஆல் வகுத்தால் ஒரு சதுர செ.மீ.க்கு சுமார் 141 கிலோ. கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைப் போல இது அறுபது மடங்குக்கு மேல். ஓஸ் பைப்பும் சீலும் ஏன் தரமானதாக இருக்க வேண்டும் என்பது இந்த ஒரு எண்ணிலேயே தெரிகிறது.

மோட்டாரையும் பார்ப்போம். 4000 கிலோவை 1.8 மீட்டர் உயரத்துக்கு 50 விநாடியில் தூக்க, 4000 × 9.81 × 1.8 ÷ 50 = சுமார் 1413 வாட். பம்ப், எண்ணெய், சங்கிலி எல்லாவற்றிலும் போகும் இழப்பைச் சேர்த்தால் 2.2 கிலோவாட், அதாவது 3 எச்.பி. மோட்டார் தேவை. கேட்டலாக்கைத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் அதேதான் போட்டிருக்கும். "1 எச்.பி. மோட்டார், 4 டன், 50 விநாடி" என்று யாராவது சொன்னால் மூன்றில் ஒன்று பொய் என்று நாமே கண்டுபிடித்துவிடலாம்.

என்னென்ன வகை?

இரண்டு தூண் லிஃப்ட்: நான்கு கைகள் காரின் அடிப்பாகத்தைப் பிடித்துத் தூக்கும். நான்கு சக்கரமும் தொங்கும். கியர் பாக்ஸ், சஸ்பென்ஷன், பிரேக் எல்லா வேலைக்கும் ஏற்றது. ஆனால் முழுப் பாரமும் தரையில் அடித்த போல்டுகளை நம்பி நிற்கிறது.

நான்கு தூண் லிஃப்ட்: காரை இரண்டு பலகைமேல் ஓட்டி ஏற்ற வேண்டும். நல்ல நிதானமாக நிற்கும். ஆனால் சக்கரம் பலகைமேலேயே இருப்பதால் பிரேக் வேலைக்குத் தனி ஜாக்கி வேண்டும். இடமும் அதிகம் பிடிக்கும்.

கத்தரி லிஃப்ட்: கத்தரிக்கோல் மாதிரி விரிந்து தூக்கும். நடுத்தர உயர வகை சுமார் 1 மீட்டர்தான் தூக்கும். கூரை தாழ்ந்த இடத்துக்கும் டயர், பிரேக் வேலைக்கும் நல்லது. பல மாடல்களில் காரின் நடுப்பகுதியைச் சட்டம் மறைப்பதால் கியர் பாக்ஸ் இறக்குவது கஷ்டம்.

திருகு வகை: சிலிண்டருக்குப் பதில் பெரிய திருகும் நட்டும். திருகின் சாய்வுக் கோணம் உராய்வுக் கோணத்தைவிடக் குறைவாக இருந்தால் பாரம் தானாக இறங்காது என்று டிசைன் பாடத்தில் படித்தோமே, அதுதான் இங்கே காவல். ஆனால் நட்டு தேயும். அதற்கு அடியில் பாரம் ஏற்காத பாதுகாப்பு நட்டு ஒன்று இருக்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியை அவ்வப்போது அளந்து பார்க்க வேண்டும். அளவு குறைந்துகொண்டே வந்தால் மேல் நட்டு தேய்கிறது என்று அர்த்தம்.

தலைக்கு மேலே எவ்வளவு இடம்?

பலர் லிஃப்டின் உயரத்தை மட்டும் கேட்டுவிட்டு வாங்கிவிடுகிறார்கள். கார் மேலே போகும்போது கூரை இடிக்குமா என்பதுதான் கேள்வி. லிஃப்டின் கை காரின் அடியைத்தான் பிடிக்கிறது; அந்த இடம் ஏற்கெனவே தரைக்கு மேல் இருக்கிறது. அதனால் கணக்கு இப்படி: தூக்கும் உயரம் + (காரின் உயரம் − பிடிக்கும் இடத்தின் உயரம்) + 15 செ.மீ. இடைவெளி.

ஸ்விஃப்ட் மாதிரிக் காருக்கு உயரம் சுமார் 1.53 மீ., பிடிக்கும் இடம் சுமார் 0.2 மீ. 1.8 மீ. தூக்கினால் 1.8 + 1.33 + 0.15 = 3.28 மீ. அதாவது 10¾ அடி. இன்னோவா கிரிஸ்டாவுக்கு உயரம் சுமார் 1.8 மீ., பிடிக்கும் இடம் 0.25 மீ. என்று வைத்தால் 3.5 மீ., அதாவது 11½ அடி. வீட்டின் கீழ்த்தள கார் ஷெட்டில் தளம் 10 அடிதான் (3.05 மீ.) இருக்கும். அங்கே ஸ்விஃப்டை 1.57 மீ., இன்னோவாவை 1.35 மீ. மட்டுமே தூக்க முடியும். ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேலை செய்யலாம். 10 அடித் தளம்தான் என்றால் கத்தரி லிஃப்டைப் பற்றி யோசிப்பதே புத்திசாலித்தனம். பானெட், டிக்கி திறந்திருக்கும்போது தூக்கக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டு தூண் லிஃப்டிலேயே இரண்டு விதம் உண்டு. தூண்களை மேலே ஒரு குறுக்குச் சட்டம் இணைக்கும் விதத்துக்குக் கூரை சுமார் 12 அடி வேண்டும். கீழே தரையோடு ஒரு தகடு இணைக்கும் விதத்துக்குத் தூண் உயரம் சுமார் 2.8 மீ. போதும், ஆனால் தகடு தரையில் மேடாக இருக்கும், காரை அதன்மேல் ஏற்றித்தான் விட வேண்டும்.

சித்தப்பா ஷெட்டில் தெருப்பக்கம் 13 அடி, உள்பக்கம் 11 அடி. கார் மூக்கு உள்பக்கமாக நுழைவதால் தாழ்ந்த பக்கத்தில் பானெட்தான் வரும். அகலம் 14 அடி. லிஃப்டுக்கு வெளி அகலம் சுமார் 3.4 மீ., அதாவது 11 அடிக்குச் சற்று மேல். எனவே தரைத்தகடு வைத்த இரண்டு தூண் லிஃப்ட் என்று முடிவு செய்தோம்.

காலுக்குக் கீழே என்ன இருக்கிறது?

என்னைக் கேட்டால் இதுதான் முதல் கேள்வி. கார் 2 டன் என்றால் ஒரு தூணுக்கு 1000 கிலோ. அந்தப் பாரம் தூணின் மையத்திலிருந்து சுமார் 0.9 மீ. தள்ளிக் கையின் நுனியில் இருக்கிறது. தூணின் அடித்தகடு மையத்திலிருந்து காரின் பக்கம் 0.2 மீ. நீண்டிருந்தால், தூண் அந்த விளிம்பை ஊன்றிச் சாயப் பார்க்கும். திருப்பு விசையின் கை 0.7 மீ. அந்த விளிம்பிலிருந்து 0.4 மீ. பின்னால் இருக்கும் போல்டுகள்தான் அதைப் பிடித்து நிறுத்துகின்றன. 1000 × 0.7 ÷ 0.4 = 1750 கிலோ. அதாவது வெளிப்பக்க போல்டுகளை யாரோ முக்கால் டன் குறைய இரண்டரை டன் விசையில் பிடுங்குகிற மாதிரி. சிமெண்ட் தரை ஒப்புக்கு 2 அங்குலம் போட்டிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பல கம்பெனிகளின் கையேட்டில் கான்கிரீட்டுக்குச் சதுர அங்குலத்துக்கு 3000 பவுண்டு பலம் கேட்டிருப்பார்கள். அது உருளை வடிவ மாதிரியில் சோதித்த அளவு. நம் நாட்டில் கனசதுரத்தில் சோதிப்பதால் அது சுமார் எம்-25 தரத்துக்குச் சமம். கனம் கையேட்டில் சொன்னதற்குக் குறையக் கூடாது. மண் இளக்கமான இடத்தில் 6 அங்குலத்துக்கு மேல் போடுவது நல்லது. தூணுக்கு அடியில் மட்டும் குட்டிக் கட்டை மாதிரி போடாமல் இரண்டு தூணுக்கும் சேர்த்துக் கம்பி கட்டி ஒரே பலகையாகப் போட வேண்டும். விளிம்புக்குப் பக்கத்திலும், வெடித்த இடத்திலும், இணைப்பு மேலும் போல்டு அடிக்கக் கூடாது.

பிறகு 28 நாள். 7 நாளில் கான்கிரீட்டுக்கு மூன்றில் இரண்டு பங்கு பலம்தான் வந்திருக்கும். எங்களிடம் லிஃப்ட் விற்க வந்தவர், "ஏழு நாள்ல மாட்டிடலாம் தம்பி, நாங்க எத்தனை இடத்துல போட்டிருக்கோம்" என்றார். சித்தப்பாவுக்கும் அவசரம்தான், ஷெட் மூடிக் கிடக்கும் ஒவ்வொரு நாளும் அவருக்கு நஷ்டம். ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. மூன்று வாரச் சம்பாத்தியம் திரும்ப வரும். சித்தப்பாவே இப்போது காலையும் மாலையும் சாக்கு போர்த்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

கரண்ட்

2.2 கிலோவாட் சிங்கிள் ஃபேஸ் மோட்டார் முழுப் பாரத்தில் சுமார் 14 ஆம்பியர் இழுக்கும். கிளம்பும்போது அதைப் போலப் பல மடங்கு. வோல்டேஜ் குறைவான நேரத்தில் மோட்டார் முனகிக்கொண்டே நின்றுவிடும், காயில் சூடாகும். மூன்று ஃபேஸ் கிடைத்தால் அதுவே நல்லது. தொழிலுக்கு வீட்டு இணைப்பைப் பயன்படுத்தக் கூடாது. மின்வாரியத்தில் தனி இணைப்பு வாங்க வேண்டும். எர்த் சரியாக இருக்க வேண்டும் என்று சொல்லவே வேண்டாம்.

கார் மேலே இருக்கும்போது கரண்ட் போனால்? பூட்டில் உட்கார்ந்த காரை இறக்க, முதலில் கொஞ்சம் மேலே தூக்கித்தான் பூட்டை விடுவிக்க முடியும். கைப்பம்ப் வசதி இல்லாத லிஃப்டில் கரண்ட் வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். வாங்கும்போதே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே பிடித்துத் தூக்குவது?

என் அப்பா மண்டியில் மூட்டை தூக்குபவர். நான் வீட்டில் உட்கார்ந்து புவியீர்ப்பு மையம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, "என்னடா அது?" என்று கேட்டார். சொன்னேன். "இதுக்கு எதுக்குடா இவ்வளவு? மூட்டை எவ்வளவு கனம்ங்கறது பெருசில்ல, எங்க பிடிச்சுத் தூக்கறோம்ங்கறதுதான் பெருசு. பாதி மூட்டையைக் காலி பண்ணிட்டுப் பழைய இடத்துலயே பிடிச்சா ஆளைச் சாய்ச்சுடும்" என்றார். நான் போட்ட கணக்கின் விடையும் அதுதான்.

900 கிலோ கார். முன் அச்சில் 540, பின் அச்சில் 360 கிலோ. அச்சுகளுக்கு இடையே 2450 மி.மீ. புவியீர்ப்பு மையம் முன் அச்சிலிருந்து 360 ÷ 900 × 2450 = 980 மி.மீ. இப்போது முன் அச்சுக்கு நேராக இருக்கும் இன்ஜினும் கியர் பாக்ஸும் சேர்த்து 130 கிலோவை இறக்கிவிட்டால் மீதி 770 கிலோ. மையம் 360 ÷ 770 × 2450 = சுமார் 1145 மி.மீ. அதாவது 165 மி.மீ., ஒரு சாண் அளவுக்குக் கொஞ்சம் குறைவாக, பின்னால் போய்விட்டது. கைகளுக்கு நடுவே நிதானமாக இருந்த கார் பின்பக்கம் சாயப் பார்க்கும். கனமான பாகத்தை இறக்குவதற்கு முன் பின்பக்கத்துக்கு உயரமான ஸ்டாண்டு கொடுப்பது இதற்காகத்தான்.

மாருதி, ஸ்விஃப்ட் போன்ற தனிச் சேஸிஸ் இல்லாத வண்டிகளில் கம்பெனி குறித்த ஜாக்கி பாயிண்டில் மட்டும் பிடிக்க வேண்டும். பொலேரோ, இன்னோவா கிரிஸ்டா போன்றவற்றில் சேஸிஸ் சட்டத்தில் பிடிக்கலாம். ஒரு அடி தூக்கியதும் நிறுத்தி, காரை லேசாக ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் மேலே ஏற்ற வேண்டும்.

பூட்டுதான் உயிர்

எண்ணெய் தூக்குகிறது; தாங்க வேண்டியது இரும்பு. ஒவ்வொரு தூணிலும் பல் பல்லாகப் பூட்டு இருக்கும். தேவையான உயரம் வந்ததும் காரைக் கொஞ்சம் இறக்கி, இரண்டு பக்கமும் பூட்டில் உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே அடியில் போக வேண்டும். இரண்டு பக்கமும் சமமாக ஏற ஒரு சமன் கம்பி வடம் ஓடும். ஓஸ் வெடித்தால் எண்ணெய் பாயாமல் தடுக்கும் வால்வு சிலிண்டரிலேயே இருக்க வேண்டும்.

வாங்கப் போகும்போது

1. அடிக்கடி வரும் வண்டிகளில் மிகக் கனமானதன் எடை என்ன? லிஃப்டின் திறன் அதைவிடத் தாராளமாக இருக்கிறதா? ஒவ்வொரு கையின் திறனும் தனியாக எழுதியிருக்கிறதா?
2. ஐரோப்பியத் தர எண் இ.என். 1493 என்று சொன்னால், சான்றிதழ் நகலில் இருக்கும் மாடல் எண்ணும் தூணில் ஒட்டிய தகட்டின் எண்ணும் ஒன்றா? ஸ்டிக்கரை யாரும் ஒட்டலாம்.
3. சீல், வடம், ஓஸ் பைப் இங்கேயே கிடைக்குமா? ரிப்பேருக்கு ஆள் எத்தனை நாளில் வருவார்?
4. பழைய லிஃப்ட் என்றால் வெல்டிங்கில் வெடிப்பு உண்டா? சங்கிலி நீளம் 2, 3 சதவீதம் கூடியிருந்தாலே மாற்ற வேண்டும். தரை போல்டு எப்போதும் புதியதுதான். பிடுங்கியதைத் திரும்ப அடிக்கக் கூடாது.
5. காரைப் பூட்டில் உட்கார வைக்காமல் எண்ணெயின் பலத்திலேயே கால் மணி நேரம் நிறுத்தி, தூணில் சாக்பீஸால் கோடு போட்டுப் பாருங்கள். இறங்கினால் சிலிண்டர் கசிகிறது. இந்தச் சோதனையின்போது அடியில் யாரும் இருக்கக் கூடாது.

விலை ஊருக்கு ஊர், கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் தொகை எதுவும் எழுதவில்லை. ஒன்று மட்டும் சொல்வேன்: கையில் இருக்கும் பணம் முழுவதையும் லிஃப்டுக்கே கொடுத்துவிடாதீர்கள். தரைக்கும் கரண்டுக்கும் முதலில் எடுத்து வைத்துவிட்டு, மீதியில் லிஃப்ட் பாருங்கள். மீதி போதவில்லையா? நல்ல ஜாக்கி ஒன்றும் சரியான ஸ்டாண்டு நான்கும் வாங்கி இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம். மோசமான தரையில் நிற்கும் நல்ல லிஃப்டைவிட அது பாதுகாப்பு.

நண்பர்களே, திருப்பு விசை, பாஸ்கல் விதி, உராய்வுக் கோணம் எல்லாம் பத்து மார்க் கேள்விக்காகத்தான் என்று நாம் நினைத்திருப்போம். நம் வீட்டுப் பெரியவர்கள் அந்தப் பெயர்கள் தெரியாமலேயே அவற்றோடு வாழ்ந்து, முதுகிலும் விரல்களிலும் தழும்பு வாங்கியவர்கள். பெயரும் எண்ணும் தெரிந்த நாம், அவர்கள் அடுத்த தழும்பு வாங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் ஊரில் யாராவது லிஃப்ட் வாங்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் கூடவே போங்கள். டேப் ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். தரையையும் கூரையையும் அளந்த பிறகு விலை பேசச் சொல்லுங்கள்.